ரீப்பர்: திறக்க மறுக்கும் நாளில் எப்படி?

இசை மென்பொருள் விமர்சனம் என்றால், அது திறந்த பிறகு என்ன செய்கிறது என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். எத்தனை டிராக் தாங்கும், உள்ளே என்னென்ன எஃபெக்ட் வருகிறது, மிக்ஸர் பார்க்க எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கும் கீபோர்டுக்காரர்களும், குறும்படங்களுக்கு இசையமைக்கும் இளைஞர்களும் என்னிடம் கேட்பது வேறு. “அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப டபுள் கிளிக் பண்ணா லோகோ வருது, அப்படியே நிக்குது. காலையில ஃபைல் குடுக்கணும்ணே.” ஒரு மென்பொருளின் தரத்தை எடைபோட இந்த இக்கட்டைவிடச் சரியான நேரம் கிடையாது என்பது என் எண்ணம். நிற்கும்போது எங்கே நிற்கிறேன் என்று அது சொல்கிறதா, வெளியே வர வழி வைத்திருக்கிறதா? ரீப்பரை இந்தக் கேள்வியோடுதான் அணுகினேன். விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்றில், சாதாரண யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸை மாட்டி, வேண்டுமென்றே அதன் வழியில் தடைகளைப் போட்டுப் பார்த்தேன்.

ரீப்பரை வெளியிடுவது காக்கோஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். அதைத் தொடங்கிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் 1997-ல் வினாம்பை உருவாக்கியவர். நெட் சென்டர் காலத்தில் எம்பி3 கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. ரீப்பரின் முதல் முழுப் பதிப்பு 2006-ல் வந்தது. நான் சோதித்தது 2023 அக்டோபரில் தொடங்கிய 7-ஆம் வரிசை. விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் சுமார் 15 எம்பிதான். பிளகின் எதுவும் இல்லாத சுத்தமான கணினியில் கண் சிமிட்டுவதற்குள் திறந்துவிடுகிறது. சிக்கல் எல்லாம் அதைச் சுற்றி நாம் சேர்த்து வைப்பவற்றால் வருகிறது.

திறக்கவில்லை என்றதும் பெரும்பாலோர் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அரை நாள் இதிலேயே போய்விடும், பலன் அநேகமாக இருக்காது. மென்பொருள் இருப்பது புரோகிராம் ஃபைல்ஸில்; நம் செட்டிங் இருப்பது வேறு இடத்தில். சி டிரைவில் யூசர்ஸ், அதில் உங்கள் பெயர், அதற்குள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் ஆப்டேட்டா, அதில் ரோமிங், அதில் ரீப்பர் என்று ஒரு ஃபோல்டர். நீங்களாகச் சொன்னாலொழிய அன்இன்ஸ்டாலர் அந்தப் பக்கம் போகாது. புதிதாக நிறுவிய ரீப்பரும் அதே கெட்டுப்போன செட்டிங் ஃபைலைப் படிக்கும், அதே இடத்தில் நிற்கும். அநேகமாக எல்லா இசை மென்பொருளிலும் கதை இதுதான். ஆகவே மறுபடி நிறுவுவதற்கு முன்னால் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். அழிக்க வேண்டாம், ‘ரீப்பர் பழையது’ என்று பெயர் மாற்றினால் போதும். ரீப்பர் தனக்கென்று புது ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். திறந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பழைய ஃபோல்டரிலிருந்து உங்கள் ஷார்ட்கட் கீகளையும் டெம்ப்ளேட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிடவும் எனக்குப் பிடித்த வழி ஒன்றை ரீப்பரே வைத்திருக்கிறது. இன்ஸ்டாலரில் ‘போர்ட்டபிள் இன்ஸ்டால்’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதை டிக் செய்து டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால், பழையதைத் தொடாமல் இன்னொரு ரீப்பர் அங்கே உட்கார்ந்துவிடும். அதன் செட்டிங் முழுவதும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். போர்ட்டபிள் திறக்கிறது, பழையது திறக்கவில்லை என்றால் கோளாறு செட்டிங்கில். இரண்டுமே நின்றால், இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் பிளகின், டிரைவர், விண்டோஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்பலாம். சில நிமிடங்களில் பாதி சந்தேகங்களை ஒதுக்கிவிடும் இந்தச் சோதனையை வேறெந்தப் பெரிய மென்பொருளிலும் இவ்வளவு லேசாகச் செய்ய முடிந்ததில்லை.

‘திறக்கவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன, அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டபுள் கிளிக் செய்து ஒன்றுமே வராவிட்டால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பட்டியலைப் பாருங்கள். நேற்று மூடியதாக நினைத்த மென்பொருள் முழுதாக மூடாமல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதை எண்ட் டாஸ்க் கொடுத்து முடித்தால் புதியது திறக்கும். இன்னொன்று, திறந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது மானிட்டரில் வைத்து வேலை செய்துவிட்டு, அந்த மானிட்டரைக் கழற்றிய பிறகு திறந்தால் விண்டோ, இல்லாத அந்தத் திரையில் போய் நிற்கும். கீழே டாஸ்க்பாரில் ஐகான் மட்டும் தெரியும். அந்த ஐகானை ஒருமுறை அழுத்திவிட்டு, விண்டோஸ் கீ, ஷிப்ட், இடது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்தப் பக்கம் வந்துவிடும்.

லோகோ வந்து நிற்பதுதான் நான் அதிகம் கேட்ட புகார், அதற்குப் பெரும்பாலும் பிளகின்கள்தான் காரணம். ரீப்பர் திறக்கும்போது, காமன் ஃபைல்ஸில் இருக்கும் விஎஸ்டி3 ஃபோல்டரையும் நாம் சொல்லியிருக்கும் மற்ற ஃபோல்டர்களையும் ஒரு சுற்று சுற்றி வருகிறது. புதிதாக வந்ததையும் மாறியதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறது. எதைத் திறக்கிறதோ அதன் பெயரைத் திரையில் காட்டுகிறது. பலர் கவனிக்காமல் விடும் இந்தச் சின்னப் பெயர்தான் இருக்கும் தகவல்களிலேயே முக்கியமானது. பெயர் மாறாமல் நின்றால் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் கேட்கும் பழைய பிளகின் ஒன்றை நான் அந்த ஃபோல்டரில் போட்டுத் திறந்தேன். அதன் பெயர் வந்தது, நின்றது. மவுஸ் நகர்ந்தது, ரீப்பர் நகரவில்லை. ஹேங் ஆகிவிட்டது என்று யாரும் முடிவுகட்டிவிடுவார்கள். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தியபோது, லோகோவுக்குப் பின்னால் அந்தப் பிளகினின் ஆக்டிவேஷன் பெட்டி ‘சீரியல் நம்பர்’ கேட்டபடி காத்திருந்தது. அதை மூடியதும் ரீப்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து திறந்துவிட்டது. பதில் சொல்ல ஆளில்லாமல் ஒரு சின்னப் பெட்டி முழு ஸ்டூடியோவையும் நிறுத்தி வைத்துவிடுகிறது.

அப்படிப் பெட்டி எதுவும் இல்லாமல் நின்றால், அந்தப் பிளகின் ஃபைலை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டுத் திறக்க வேண்டும். பெயரே தெரியாமல் நின்றாலும் வழி உண்டு. ஃபோல்டரில் பாதியை வெளியே எடுங்கள். திறந்தால் சிக்கல் வெளியே எடுத்த பாதியில், திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் பாதியில். மறுபடி அதில் பாதி. நூறு பிளகின் இருந்தாலும் ஏழு முறைக்குள் ஆள் அகப்பட்டுவிடும். ஸ்கேன் செய்யும்போதே ரீப்பரைக் கவிழ்த்துவிடும் பிளகின்களை அது நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தாண்டிப் போகிறது. அதனால் முதல் முறை கவிழ்ந்து இரண்டாம் முறை திறந்துகொண்டால் வியக்க வேண்டாம். பிரெஃபரன்ஸில் விஎஸ்டி பக்கம் போய் ‘கிளியர் கேஷ்’ கொடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால்தான் ஒதுக்கப்பட்டவை திரும்பப் பரிசோதிக்கப்படும்.

கைமாறி வரும் கிராக் பிளகின்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பென் டிரைவில் வந்த ஒரு ஃபைலை ஆன்டிவைரஸ் பிடித்து ஒதுக்கிவிடும். அது இல்லாமல் அந்தப் பிளகின் பாதியில் முறியும், கூடவே மென்பொருளும் விழும். உடனே “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடு” என்று யோசனை சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கும், பாடகர்கள் நம்பிக் கொடுத்த குரல் பதிவுகளும் இருக்கின்றன. முறையான மென்பொருளையே ஆன்டிவைரஸ் தடுப்பதும் நடக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆன் ஆகியிருந்தால், அனுமதி இல்லாத மென்பொருள் எதுவும் டாக்குமென்ட்ஸில் எழுத முடியாது. அங்கே செட்டிங் எழுத முயலும் இசை மென்பொருள்கள் திறக்கும்போதே தடுமாறும். அதற்கு அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும், முழுக் காவலையும் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆடியோ டிரைவர். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ முறை, விண்டோஸின் மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு நேராக இன்டர்ஃபேஸோடு பேசுகிறது. அதனால்தான் கீயை அழுத்தியதும் சத்தம் தாமதமில்லாமல் வருகிறது. ஆனால் பல ஏஎஸ்ஐஓ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளோடு மட்டுமே பேசும், அந்த மென்பொருளுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடவும் செய்யும். டிரைவர் உறைந்தால் மென்பொருளும் சேர்ந்து உறையும். நான் இன்டர்ஃபேஸின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரீப்பரைத் திறந்தேன். ஆடியோ கருவியைத் திறக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வந்தது, ஆனாலும் புராஜெக்ட் திறந்துகொண்டது. மேலே வலது மூலையில் வழக்கமாக சாம்பிள் ரேட் தெரியும் இடத்தில் ஆடியோ மூடியிருக்கிறது என்ற குறிப்பு மட்டும். சத்தம் வராவிட்டாலும் எடிட் செய்யலாம், ஃபைலைக் கண்டுபிடித்து வேறு கணினிக்கு அனுப்பலாம். காலையில் கொடுக்க வேண்டிய வேலை கையில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

டிரைவரே உறைந்து ரீப்பரையும் இழுத்துக்கொண்டு நின்றால் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ரீப்பரின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சாதாரண ஐகானோடு இன்னும் சில ஷார்ட்கட்கள் அங்கே இருக்கும். ஒன்று, திறக்கும்போதே ஆடியோ செட்டிங்கைக் காட்டுவது. அதில் ஏஎஸ்ஐஓவை மாற்றி விண்டோஸின் வாசாபியையோ ‘டம்மி ஆடியோ’வையோ தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். இன்னொன்று செட்டிங் எல்லாவற்றையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோவது; கடைசி ஆயுதம், அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. மூன்றாவது, பழையதைத் தொடாமல் புது புராஜெக்டோடு திறப்பது.

அந்த மூன்றாவதின் அருமை பலருக்குத் தெரியாது. ரீப்பர் வழக்கமாகக் கடைசியாக வேலை செய்த புராஜெக்டைத் தானே திறக்கும். அந்த புராஜெக்டில் இருக்கும் ஏதோ ஒரு பிளகின் முறிந்தால், ரீப்பரே திறக்கவில்லை என்று தோன்றும். புது புராஜெக்ட் ஷார்ட்கட்டில் திறந்துவிட்டால் மென்பொருள் நலம், நோய் புராஜெக்டில் என்று அர்த்தம். பிறகு ஓப்பன் பெட்டியில் இருக்கும் ‘எஃபெக்ட்களை ஆஃப்லைனில் வைத்துத் திற’ என்ற ரெக்கவரி டிக்கைப் போட்டுத் திறந்தால், எந்தப் பிளகினையும் எழுப்பாமல் டிராக்குகள் மட்டும் வந்து நிற்கும். ஒவ்வொன்றாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் எது முறிக்கிறது என்று தெரியும்.

அதுவும் பலிக்காவிட்டால் நோட்பேட் இருக்கிறது. ரீப்பரின் புராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் டெம்போ, டிராக்கின் பெயர், வேவ் ஃபைல் இருக்கும் இடம், ஒவ்வொரு டிராக்கிலும் போட்ட பிளகினின் பெயர் எல்லாம் வரிவரியாகப் படிக்கக் கிடைக்கின்றன. ‘வீணை’ என்று நான் பெயரிட்டிருந்த டிராக்கின் கீழே, சந்தேகப்பட்ட ரிவெர்பின் பெயர் கோண அடைப்புக்குள் அப்படியே இருந்தது. ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, காப்பியில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுச் சேமித்தேன். புராஜெக்ட் திறந்தது, ரிவெர்ப் மட்டும் இல்லை. தன் ஃபைலைத் தன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் மென்பொருள்களில் இப்படி ஒரு கதவே கிடையாது. ரீப்பரை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

லோகோ வந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும் வகைக்கு விண்டோஸின் ஈவென்ட் வியூவரைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதி, அதில் சிவப்புக் குறியோடு சற்றுமுன் விழுந்த எரர். ‘ஃபால்டிங் மாட்யூல் நேம்’ என்ற வரியில் வரும் பெயரைப் படியுங்கள். பிளகினின் பெயர் என்றால் வேலை முடிந்தது. ‘என்வி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர். பிளகின்களின் முகப்பை வரைய அதுதான் உதவுகிறது என்பதால் அதைப் புதுப்பித்துப் பார்க்கலாம். ‘என்டிடிஎல்எல்’ என்று வந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். வேறு யாரோ செய்த தப்பு கடைசியில் அங்கே போய் வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸப்ஷன் கோடு சி000007பி என்று முடிந்தால், 64 பிட் மென்பொருளுக்குள் 32 பிட் ஃபைல் ஏதோ புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் கணினி வைத்திருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு, அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. விண்டோஸில் புதுக் கணக்கு தொடங்கும்போது பெயரைத் தமிழில் கொடுத்தால், யூசர்ஸ் ஃபோல்டரும் தமிழ்ப் பெயரிலேயே உருவாகும். யூனிகோடுக்கு முந்திய பழைய முறையில் ஃபைல் தேடும் மென்பொருள்கள் ‘கோட் பேஜ்’ என்ற எழுத்து அட்டவணையை நம்புகின்றன. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை கொடுக்கப்படவே இல்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறும். கேள்விக்குறி கொண்ட ஃபோல்டர் பெயரை விண்டோஸ் அனுமதிக்காது என்பதால், மென்பொருள் தன் செட்டிங்கைத் தேடிப் போய் ஒன்றும் கிடைக்காமல் விழும். சோதனைக்காகத் தமிழ்ப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். ரீப்பர் மனம் கோணாமல் திறந்தது, தமிழ் டிராக் பெயர்களையும் ஒழுங்காகக் காட்டியது. அதே கணக்கில் பழைய பிளகின் ஒன்று தன் சவுண்ட் லைப்ரரியைக் கண்டுபிடிக்க முடியாமல் முறிந்தது. இதில் ஒரு நுணுக்கம்: செட்டிங்ஸில் பெயரை ஆங்கிலமாக மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு தொடங்குவதுதான் வழி. இன்றைய காலத்திலும் நம் பெயரை நம் எழுத்தில் வைப்பதற்கு இந்த விலை கொடுக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனைதான். பிளகின் எழுதுபவர்கள் திருத்த வேண்டிய கோளாறு இது.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட்டால், கியூபேஸைத் திறக்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் சேஃப் மோட் பெட்டி வரும். செட்டிங்கையும் வெளிப் பிளகின்களையும் ஒதுக்கிவிட்டுத் திறக்கலாம். 2016-ல் வந்த கியூபேஸ் 9 முதல், சந்தேகப் பிளகின்களைத் தானே பிடித்து ஒதுக்கும் காவலும் அதில் உண்டு. மேக்கில் லாஜிக்கைத் திறக்கும்போது கன்ட்ரோல் கீயைப் பிடித்தால் ஆடியோவைத் தொடாமல் திறக்கும். புரோ டூல்ஸில் என் எழுத்தைப் பிடித்தால் ஆடியோ கருவியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். பிட்விக், பிளகின்களைத் தனியே ஓடவிட்டு ஒன்று விழுந்தாலும் மற்றது விழாமல் பார்த்துக்கொள்கிறது. ரீப்பரிலும் ஒரு பிளகினைத் தனி புராசஸில் ஓட்ட முடியும். ஆனால் அதை நாமே சொல்ல வேண்டும். இந்த இடத்தில் பிட்விக் ஒரு படி மேல்.

லைசென்ஸ் விஷயத்தில் ரீப்பரை மிஞ்ச ஆளில்லை. சோதிக்க 60 நாள் தருகிறார்கள். அதற்குப் பிறகும் கதவை அடைப்பதில்லை, வாங்கும்படி நினைவூட்டும் ஒரு பெட்டி மட்டும் வருகிறது. தனிநபருக்கு 60 டாலர், வணிக லைசென்ஸ் 225 டாலர். வாங்கினால் ஒரு சிறிய கீ ஃபைல் கிடைக்கும், அதைச் சரிபார்க்க இணையம் தேவையில்லை. யுஎஸ்பி டாங்கிள் தொலைந்ததால் ஸ்டூடியோவே முடங்கிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. கியூபேஸே 2022-ல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் டாங்கிளைக் கைவிட்டது. ‘லைசென்ஸ் சர்வர் கிடைக்கவில்லை’ என்று திறக்க மறுப்பது ரீப்பரில் நடக்கவே வாய்ப்பில்லை.

குறைகளும் உண்டு. அது வைத்திருக்கும் நல்ல வழிகள் எல்லாம் ஸ்டார்ட் மெனுவின் உள்ஃபோல்டரில் புதைந்து கிடக்கின்றன. ஒருமுறை கவிழ்ந்த பிறகு அடுத்த முறை திறக்கும்போது “பிளகின்கள் இல்லாமல் திறக்கட்டுமா?” என்று அதுவே கேட்டால் பாதிப் பேர் போன் எடுக்க வேண்டியிருக்காது. இன்னொன்று, ரீப்பரோடு வரும் வாத்தியச் சத்தங்கள் சொற்பம். ஒரு சாதாரண சிந்தசைசர், ஒரு சாம்ப்ளர். மிருதங்கமோ வீணையோ புல்லாங்குழலோ எதிர்பார்க்க முடியாது. அதனால் வெளிப் பிளகின்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறோம், மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி அவற்றோடுதான் உள்ளே வருகிறது. சத்தங்களோடு சேர்த்து ஒரே பொட்டலமாக வேண்டும் என்பவர்களுக்கு நான் ரீப்பரைச் சொல்ல மாட்டேன்.

நேரடிப் பதிவு, குரல், டப்பிங், கச்சேரி மிக்ஸிங் செய்கிறவர்கள், பழைய கணினியை வைத்து ஓட்டுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். நிறுவிய அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் அந்த ஷார்ட்கட்களை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். பிரெஃபரன்ஸில் முதல் பக்கத்தில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்’ கொடுத்து, வரும் ஃபைலைப் பென் டிரைவில் வையுங்கள். பிறகு போர்ட்டபிள் ரீப்பர் ஒன்றையும் அதே பென் டிரைவில் நிறுவிக்கொள்ளுங்கள். மொத்தமும் அதிக இடம் எடுக்காது.